பரண்மேல் கிடக்கும் கித்தார்ப் பெட்டி



இல்லத்திலுள்ள பழைய பொருள்களைப் பேணிக் காப்பது பற்றி நாம் எழுதிவரும் இப்பகுதியில், சென்ற திங்கள் பழைய செபப் புத்தகங்களையும் குடும்பப் புகைப்படங்களையும் பூச்சிகளிடமிருந்து காக்கும் வழிகளைக் கண்டோம். இத்திங்கள், பலர் ஒரு பொருளாகவே மதியாத ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். அதுதான் கித்தார்ப் பெட்டி.

கித்தாரைப் புகழாதார் இல்லை. அதன் ஓசையைப் புகழ்வர், மரத்தைப் புகழ்வர், வாசிப்பவரின் விரல்களைப் புகழ்வர். பெட்டியையோ எவரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் பேருந்தின் கூரையில் கட்டப்படுவது பெட்டி. மழையில் நனைவது பெட்டி. கோவிற்கடைசியில் சுவரோரம் சாத்தப்பட்டுச் சிறுவர் கால் பட்டு விழுவதும் பெட்டிதான். அத்தனை அடிகளையும் தான் வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காத்த பின், ஒரு நாள் அது நாற்றமடிக்கிறது என்று பரண்மேல் ஏற்றப்படுகிறது. அல்லது பழைய பொருள் வாங்குவோனிடம் சில காசுகளுக்குத் தரப்படுகிறது. பெட்டியை இழந்த கித்தார் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடப்பட்டு, ஓரிரு ஆண்டுகளில் கழுத்து முறிந்து கிடப்பதை எத்தனையோ இல்லங்களில் காணலாம்.

நம் பங்குகளில் இக்கருவி பெருகியதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தின் 120ஆம் பிரிவு, குழலார்கனுக்குச் சிறப்பிடம் தந்ததோடு, வழிபாட்டுக்குப் பொருந்தும் பிற இசைக்கருவிகளையும் உரிய திருச்சபை ஆட்சியாளரின் இசைவுடன் பயன்படுத்த வழி திறந்தது. 1967 மார்ச் 5ஆம் நாள் வெளிவந்த ‘மூசிக்காம் சாக்ராம்’ எனும் அறிவுரை ஏடு அதனை மேலும் விளக்கிற்று. அதன்பின் ஆர்மோனியத்தின் பக்கத்தில் கித்தாரும் வந்து அமர்ந்தது. அன்று இளைஞராயிருந்து அதை மீட்டியவர்களில் பலர் இன்று பாட்டன்மார்; சிலர் நம்மிடையே இல்லை. அவர்களுடைய பெட்டிகள் இருக்கின்றன.

இதற்கும் முந்திய கதை ஒன்றைச் சொல்லவேண்டும். 1818ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவில், ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஓபெர்ண்டார்ப் எனும் ஊரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில், உதவிக் குரு யோசேப் மோர் எழுதி, பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் குரூபர் இசையமைத்த ‘ஸ்டில்லே நாக்ட்’ எனும் பாடல் முதன்முறையாகக் கித்தார் இசையோடு பாடப்பெற்றது. இன்று உலகெங்கும் எத்தனையோ மொழிகளில் பாடப்படுவது அப்பாடல். அது பாடப்பெற்ற ஆலயம் ஆற்று வெள்ளத்தால் பழுதுற்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் மோர் அடிகளின் கித்தாரோ ஹாலைன் எனும் ஊரிலுள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. கல்லால் கட்டிய கோவில் போயிற்று. மெல்லிய மரப்பலகையால் செய்த கருவி நின்றது. தலைமுறை தோறும் எவரோ ஒருவர் அதை ஈரத்திலும் வெயிலிலும் விடாமல் எடுத்து வைத்திருக்கிறார் என்பதன்றி இதற்கு வேறு விளக்கம் உண்டோ?

பெட்டியின் குலம்

பெட்டி செய்வதும் கித்தார் செய்வதும் ஒரே குலத்துத் தொழில்கள். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் மார்க்நொய்கிர்ஷன் எனும் ஊரில், 1796இல், மரச்சாமான் செய்யும் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர் கிறிஸ்டியன் பிரெடெரிக் மார்ட்டின். அக்காலத்தில் அவ்வூரின் வயலின் செய்வோர் சங்கம், இசைக்கருவி செய்யும் உரிமை தமக்கே உண்டு என்றும், பெட்டியும் அலமாரியும் செய்யும் தச்சர் கித்தார் செய்யலாகாது என்றும் வழக்காடிற்று. மார்ட்டின் 1833இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று நியூயார்க்கில் கடை வைத்தார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத் எனும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தை அறிந்த வாசகர்களுக்கு இப்பெயர் வியப்பூட்டும். அது மொராவிய சபையார் 18ஆம் நூற்றாண்டில் அமைத்த குடியிருப்பு. அவர் நிறுவிய தொழிற்சாலை இன்றும் அவ்வூரில்தான் இருக்கிறது.

அந்த 19ஆம் நூற்றாண்டில் கித்தார்கள் கனத்த மரப்பெட்டிகளில் வைக்கப்பட்டன. அவற்றின் வடிவைக் கண்டு, பழம்பொருள் சேர்ப்போர் இன்றும் அவற்றைச் ‘சவப்பெட்டி’ என்றே அழைக்கின்றனர். பின்னர் ஒட்டுப்பலகையை வளைத்து, மேலே தோலோ தோல் போன்ற துணியோ போர்த்தி, உள்ளே பட்டுப்போன்ற துணி தைத்த பெட்டிகள் வந்தன. 1950களில் அமெரிக்கக் கிப்சன் கித்தார்களோடு வந்த பழுப்பு நிற மேலுறையும் இளஞ்சிவப்பு உள்துணியும் உடைய பெட்டிகளும், பெண்டர் நிறுவனத்தின் ‘டுவீட்’ எனப்படும் பெட்டிகளும் புகழ்பெற்றவை. டுவீட் என்று பெயரே ஒழிய, அது கம்பளியன்று. மெருகெண்ணெய் பூசிய பருத்தித் துணி. 1960களில் ‘டோலெக்ஸ்’ எனும் செயற்கைத் தோல் பரவிற்று.

நம் நாட்டில் இதற்கு வழங்கும் பெயர் ரெக்சின். இதுவும் ஒரு வாணிபப் பெயரே; இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகில் துணிமேல் செயற்கைப் பூச்சுப் பூசித் தோல்போல் ஆக்கிய ஒரு தொழிற்சாலையின் பெயர், நம் கடைத்தெருவில் பொதுப்பெயராகிவிட்டது. நம் ஊர்களில் கித்தார் பெரும்பாலும் துணிப்பையோடுதான் விற்கப்பட்டது. பெட்டி வேண்டுவோர் உள்ளூர்த் தச்சரிடம் ஒட்டுப்பலகையில் செய்வித்து, பயணப்பெட்டி செய்பவரிடம் ரெக்சின் போர்த்தி வாங்கினர். ஆதலின் பரண்மேல் கிடக்கும் பெட்டி பெரும்பாலும் நம் ஊர்த் தச்சரின் கைவேலையாகவே இருக்கும்.

முதலில் நோயறிதல்

மருத்துவர் நாடி பிடிக்குமுன் மருந்து எழுதுவதில்லை. பெட்டியையும் அவ்வாறே முதலில் ஆராயவேண்டும். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான நிழலில், பழைய செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைத்துத் திறக்கவும். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ளவேண்டும். கைகளுக்கு உறை வேண்டும். பூஞ்சணத்தின் நுண்துகள் மூச்சோடு உட்சென்றால் இழுப்பு நோய் உள்ளவர்களுக்குப் பெருந்துன்பம் விளையும். அத்தகையோரும் குழந்தைகளும் அருகில் நிற்கலாகாது.

கித்தாரை எடுத்து, தந்திகளைச் சிறிது தளர்த்தி, வேறிடத்தில் துணி விரித்து வைக்கவும். பிறகு பெட்டியில் ஐந்தைப் பார்க்கவேண்டும். ஒன்று, பலகை: அடுக்குகள் பிரிந்துள்ளனவா, கரையான் அரித்த மண்தடம் உண்டா? இரண்டு, மேலுறை: உரிந்ததா, வெடித்ததா? மூன்று, உள்துணி: வெண்மையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் உண்டா, இராமபாணம் கடித்த ஓட்டை உண்டா? நான்கு, இரும்பு: கொக்கி, கீல், பூட்டு இவை துருவேறினவா? ஐந்து, கைப்பிடி: தையல் அறுந்ததா?

கழுத்துக்குக் கீழே மூடியோடு கூடிய சிறிய அறை ஒன்று இருக்கும். அதிலுள்ளவற்றைக் குப்பையென்று கொட்டிவிடாதீர்கள். துருப்பிடித்த தந்திச் சுருளோடு பழைய பாட்டுச் சீட்டும், கடைப் பற்றுச்சீட்டும், தேதியிட்ட திருமண அழைப்பும் இருக்கக்கூடும். அவற்றை உலர்த்தி ஓர் உறையிலிட்டுப் பெட்டியின் வரலாறாக வைத்துக்கொள்க.

ஒரு தாயின் கேள்வி

நாம் முன்பு பணியாற்றிய கடற்கரைப் பங்கு ஒன்றில் நிகழ்ந்தது இது. பாடற்குழுவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கித்தார் வாசித்தவர் காலமாகிவிட்டார். அவருடைய பெட்டி கட்டிலுக்கடியில் எட்டு ஆண்டுகள் திறவாமலே கிடந்தது. பதின்மூன்று வயதான மகள், அப்பாவின் கருவியைத் தான் பயிலவேண்டும் என்று அதை இழுத்துத் திறந்தாள். அன்றிரவே அவளுக்கு மூச்சு இழுத்தது. மறுநாள் தாய் நம்மிடம் வந்து, “சாமி, இந்தப் பெட்டியை எரித்துவிடட்டுமா? வைத்திருந்தால் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது. எறிந்தால் அவரையே எறிவதுபோல் இருக்கிறது” என்றார்.

இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலவில்லை. மகளை மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். பெட்டியை அத்தாயின் தம்பி கொல்லைப்புறத்துக்கு எடுத்துவந்து திறக்க, நாமும் உடனிருந்து பார்த்தோம். பலகை உறுதியாயிருந்தது. மேலுறை ஓரங்களில் மட்டும் உரிந்திருந்தது. உள்துணியோ அடி முதல் நுனி வரை பூஞ்சணம் ஊறிக் கறுத்திருந்தது. தட்டினால் புழுதியாய் எழுந்தது. தோல் கைப்பிடியின் நடுவில் அவர் விரல்கள் பிடித்துப் பிடித்து மெருகேறிய நான்கு பள்ளங்கள் தெரிந்தன. சிறிய அறையில், அவர் கையெழுத்தில், திருவிழாப் பாடல்களின் சுரக் குறிப்புகள் இருந்தன.

உள்துணியை முழுதும் அகற்றவேண்டும் என்றபோது அத்தாய் தயங்கினார். அதில் கித்தாரின் வடிவம் அழுந்திப் பதிந்திருந்தது. “அம்மா, அந்தத் துணியில் இருப்பது பூஞ்சணம், கைப்பிடியில் இருப்பது அவர் கை. துணியைப் போகவிடுங்கள், கைப்பிடியை வைத்துக்கொள்வோம்” என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்து, பின் தாமே கத்தரியை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தார்.

பழைய பெட்டியைப் புதுப்பிப்போர் எவரும் இக்கேள்வியைச் சந்தித்தே தீர்வர். எது அழுக்கு, எது நினைவு என்று பிரித்தறிவதே இவ்வேலையின் முதற்பாடம். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக்கினால் பெட்டி இருக்கும், அதற்கு உரியவர் இருக்கமாட்டார். எதையும் தொடேன் என்றால் நோய் வீட்டுக்குள் குடியேறும்.

துப்புரவு செய்யும் முறை

உள்துணி வெறும் தூசும் நாற்றமும் மட்டும் கொண்டதாயின், அகற்ற வேண்டியதில்லை. மென்மையான தூரிகையால் துணியின் மயிர் படிந்த திசைக்கு எதிராக வருடி, தூசை எழுப்பி, தூசு உறிஞ்சும் கருவியால் இழுத்துவிடலாம். பின்பு சமையல் சோடாவை மெல்லத் தூவி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டு, துகள் ஒன்றும் எஞ்சாதபடி உறிஞ்சி எடுக்கவும். காலை இளவெயிலில் அரைமணி நேரமும், பிறகு நிழற்காற்றில் பல நாள்களும் பெட்டி திறந்தே இருக்கட்டும். உச்சி வெயில் ஆகாது. சூட்டில் பசை இளகி ஒட்டுகள் விடும்.

பழைய பெட்டிகளில் தச்சர் பயன்படுத்தியது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப் பசை. அது நீரில் கரையும் இயல்புடையது. துணியைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அழுக்கோடு துணியும் பலகையை விட்டுக் கழன்றுவரும். நனைந்த பலகை உப்பி அடுக்கு அடுக்காய்ப் பிரியும். ஆதலின் நீரை ஊற்றலாகாது.

பூஞ்சணம் ஆங்காங்கே புள்ளியாய் மட்டும் இருந்தால், முதலில் உலர்ந்த நிலையில் உறிஞ்சி எடுத்துவிட்டு, 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் ஒற்றவும். முதலில் மறைவான ஓர் ஓரத்தில் தொட்டு, சாயம் கரையவில்லை என்று கண்டபின்பே மற்ற இடங்களில் தொடவேண்டும். தீயருகில் இதைச் செய்யலாகாது. டுவீட் பெட்டியின் மெருகுப் பூச்சையும் கித்தாரின் மெருகையும் இது கரைத்துவிடும். ஆகவே அவற்றில் படக்கூடாது. வெளுக்கும் தூளோ பிளீச்சோ வேண்டா. அவை நிறத்தை உண்பதோடு கொக்கிகளையும் அரிக்கும்.

பெட்டி முழுதும் பூஞ்சணமாயின், உள்துணியையும் அதன் கீழுள்ள பஞ்சையும் அகற்றுவதே நலம். அகற்றியதை உடனே உறையிலிட்டுக் கட்டி வெளியேற்றுக. பலகையைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கவும்.

நாற்றத்தைப் போக்கப் பலரும் பாச்சை உருண்டையைப் போட்டுவிடுகின்றனர். இது தவறான வழி. மூடிய பெட்டியில் அந்த நாப்தலீன் ஆவி தங்கிச் செறிந்து, கித்தாரின் மெருகையும் பிளாஸ்டிக்குப் பகுதிகளையும் கெடுக்கக்கூடும். வாசிப்பவரின் உடலுக்கும் நல்லதன்று. வாசனைத் தைலம் தெளிப்பதும் நாற்றத்தின்மேல் மணம் பூசுவதேயன்றி நாற்றத்தைப் போக்குவதாகாது. மரக்கரியைத் துணிமூட்டையாகக் கட்டிச் சில நாள் உள்ளே வைப்பது மேல்.

கூரிய புளித்த நெடி வீசினால் மற்றொன்றையும் நோக்கவேண்டும். பழைய கித்தார்களில் செல்லுலாய்டால் செய்த தகடுகள் உண்டு. அவை முதுமையில் சிதைந்து அமில ஆவியை வெளிவிடும். மூடிய பெட்டியில் அவ்வாவி தந்திகளையும் முறுக்காணிகளையும் பச்சையாக அரித்துவிடும். அப்போது குற்றம் பெட்டியினுடையதன்று. கருவி பழுதுபார்ப்பவரிடம் காட்டி அத்தகட்டை மாற்றவேண்டும்.

மேலுறைக்கு ஏற்ற கைப்பக்குவம்

ரெக்சின் உறைக்கு, மென்மையான சோப்புக் கரைசலில் நனைத்து இறுகப் பிழிந்த துணி போதும். சொரசொரப்பின் இடுக்கில் படிந்த அழுக்கைப் பழைய பல்துலக்கியால் எடுத்து, உடனே உலர்ந்த துணியால் துடைக்கவும். அட்டைப் பெட்டியாயின் ஈரமே ஆகாது. உலர்ந்த தூரிகையும் அழிரப்பரும் கொண்டு அமைதியாகத் தேய்த்தல் வேண்டும். தோல் பெட்டிக்குத் தோலுக்குரிய சோப்பும், பின் மிகச் சிறிதளவு தோல் மெழுகும் ஏற்றவை. தேங்காயெண்ணெய் தடவுவது நம்மவர் வழக்கம். அது சிக்கு நாற்றம் பிடித்துப் பூஞ்சணத்துக்கு உணவாகும்.

உரிந்த ஓரங்களை வெட்டி எறியாமல், அடியில் தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி, பழைய இடத்திலேயே படியவைத்து, மெழுகுத்தாள் போர்த்தி, அகன்ற நாடாவால் கட்டி ஒரு நாள் விடவும். பிரிந்த பலகை அடுக்குகளுக்கும் இதுவே முறை. அங்கே நாடாவுக்குப் பதில் இறுக்குப்பிடி வேண்டும். பிடி இல்லாதார் செங்கல்லைப் பாரமாக வைத்தும் காரியத்தை முடிக்கலாம். திருகாணித் துளை தளர்ந்திருந்தால், மூங்கில் குச்சியைப் பசையில் தோய்த்து அடைத்து, உலர்ந்தபின் ஆணியைத் திருப்புக.

இரும்பும் கைப்பிடியும்

கொக்கிகளும் கீல்களும் பெரும்பாலும் இரும்பின்மேல் நிக்கலோ பித்தளையோ மெல்லியதாய் முலாம் பூசியவை. வன்மையாகத் தேய்த்தால் துருவோடு முலாமும் போய்விடும். எண் 0000 எனக் கடையில் விற்கும் மிக நுண்ணிய எஃகு நாரில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் இட்டு மெல்லத் தேய்த்தால் போதும். அந்நாரின் தூள் உள்துணியில் விழாதபடி செய்தித்தாளால் மூடிக்கொள்க. விழுந்தால் அதுவே துருப்பிடித்துக் கறையாகும். கீலின் அச்சில் ஒரே ஒரு துளி எண்ணெய் விட்டு, மிகுதியைத் துடைத்துவிடவேண்டும். சாவித் துளையில் எண்ணெய் விடலாகாது; தூசு சேர்ந்து இறுகும். பென்சில் கரியைப் பொடியாக்கிச் சாவியில் தடவி நுழைத்தால் பூட்டு எளிதில் இயங்கும்.

தளர்ந்த ரிவிட்டாணியைப் பயணப்பெட்டி பழுதுபார்ப்பவர் எளிதில் மாற்றித் தருவார். உட்புறம் ஒரு சிறு வட்டத்தகடு வைத்து அடிக்கச் சொல்லுங்கள். ஆணி பலகையைக் கிழித்துக்கொண்டு வெளியேறாது.

மேலே சொன்ன குடும்பத்தின் கைப்பிடியைச் செருப்புத் தைக்கும் தொழிலாளர் ஒருவரிடம் காட்டினோம். புதிய கைப்பிடி போட்டுவிடலாம் என்று எவரும் சொல்வர். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மேல்தோல் நல்லாவே இருக்கு சாமி, உள்ளே இருக்கிற கயிறுதான் இத்துப்போச்சு” என்றார். தையலைப் பிரித்து, புதிய கயிற்றை உள்ளே வைத்து, மெழுகிட்ட நூலால் பழைய துளைகளிலேயே மீண்டும் தைத்தார். நான்கு விரற்பள்ளங்களும் அப்படியே இருந்தன. அன்று மாலை அத்தாய் அதைப் பிடித்துப் பார்த்த விதத்தை நாம் இங்கு விவரிக்க முயலமாட்டோம்.

உள்ளே புதுத்துணி

புதிய உள்துணிக்கு வெல்வெட்டோ தடித்த பருத்திப் பிளானலோ ஏற்றது. முதலில் ஒருமுறை நனைத்து உலர்த்திச் சுருங்கவிட்டுப் பின் வெட்டுக. பசையைத் துணியில் பூசாமல் பலகையில் பூசவேண்டும். இல்லையேல் பசை ஊறி மேலே தெரியும். நெடியுடைய ரப்பர்ப் பசையைப் பயன்படுத்தினால், நெடி அறவே போகும்வரை பல நாள் திறந்து வைத்த பின்னரே கித்தாரை உள்ளே வைக்கவேண்டும். மெத்தைக்கு மலிவான நுரைப்பஞ்சு வேண்டா. அது சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிரும். பருத்தித் திண்டோ கம்பளிப் பெல்ட்டுத் துண்டோ நெடுநாள் நிற்கும். கித்தாரின் உடலில் ரெக்சினோ ரப்பரோ நேரே படக்கூடாது; சிலவகை மெருகு அதனோடு ஒட்டி இளகிவிடும்.

மிக முக்கியமான விதி ஒன்றுண்டு. கித்தாரைத் தாங்கவேண்டிய இடங்கள் உடலும் கழுத்துமே; தலையன்று. கழுத்தின் கீழ் ஒரு திண்டு இருந்து அதைத் தாங்கவேண்டும். தலையின் பின்புறம் பெட்டியின் அடிப்பலகையைத் தொடாமல் இடைவெளி இருக்கவேண்டும். தலை பலகையில் படிந்திருந்தால், பெட்டி மல்லாக்க விழும் ஒரே அடியில் கழுத்து முறியும். எல்லாம் முடித்தபின் கித்தாரை வைத்து மூடி மெல்ல அசைத்துப் பார்க்கவும். உள்ளே ஆட்டம் கேட்கலாகாது. மூடியை அழுத்தி மூடவேண்டிய நிலையும் ஆகாது.

எப்போது கைவைக்கலாகாது

சில பெட்டிகளை மிகுதியாகத் திருத்துவதே கேடு. 1950களின் கிப்சன், பெண்டர் பெட்டிகள் போன்றவை கிழிந்திருந்தாலும் பழைய நிலையிலேயே விலைமதிப்புடையவை. கித்தாரோடு பிறந்த பெட்டி உடனிருந்தால் கித்தாரின் மதிப்பும் உயரும். அருங்காட்சியகத்தார் பின்பற்றும் நெறி இங்கு நமக்கு உதவும்: குறைந்த அளவே தொடுக, செய்வதைப் பின்வருவோர் கழற்றி எடுக்கக் கூடியதாய்ச் செய்க. வெளிநாட்டில் வேலை செய்த மாமனோ சித்தப்பாவோ கொண்டுவந்த பெட்டி உங்கள் பரணில் இருந்தால், உட்புறம் பெயர்த்தகடோ முத்திரையோ உண்டா என்று பார்த்து, விவரம் அறிந்தவரைக் கேட்டபின்பே கைவையுங்கள்.

காக்கும் வழி

புதுப்பித்த பெட்டியை மீண்டும் கட்டிலுக்கடியிலோ பரணிலோ தள்ளினால் ஈராண்டில் பழைய கதையே. காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சணம் முளைக்கும். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் அந்நிலையே. கித்தாருக்கு உகந்தது 45 முதல் 55 விழுக்காடு. பெட்டியைத் தரையிலும் ஈரச் சுவரிலும் படாமல் இரு மரச்சட்டங்களின்மேல் வைக்கவும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டை உள்ளே இட்டு, அவை ஈரம் குடித்து நிறைந்ததும் மாற்றவும். வாரம் ஒருமுறையேனும் திறந்து, காற்றாடவிட்டு, முடியுமானால் ஒரு பாட்டு வாசித்து மூடுங்கள். வாசிக்கப்படும் கித்தாரின் பெட்டியில் பூஞ்சணம் குடியேறுவது அரிது. அங்கே காற்றும் கையும் ஓயாமல் வந்துபோகின்றன.

பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு சிறு சீட்டு ஒட்டி, இக்கருவி யாருடையது, எந்த ஆண்டு வாங்கியது, பெட்டியை யார் செய்தார், எப்போது பழுதுபார்த்தோம் என்று எழுதிவைக்கும்படி நாம் எல்லாக் குடும்பங்களையும் கேட்டுக்கொள்கிறோம். இன்று நமக்குத் தெரிந்த பெயர்களை நம் பேரப்பிள்ளைகள் அறியமாட்டார். தச்சர் பெயரும், தோல் தைத்தவர் பெயரும் அச்சீட்டில் இடம்பெறட்டும்; கோவிலில் ஒலித்த பாட்டில் அவர்களுக்கும் பங்குண்டு.

இவ்வேலைக்கு வேண்டுவன ஒரு தூரிகையும், சிறிது பசையும், நான்கு சனிக்கிழமைகளும். வரும் விடுமுறையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தொடங்குங்கள்; இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு மட்டும், பூஞ்சணம் எல்லாம் போனபின், சீட்டு எழுதும் பணியைக் கொடுங்கள். அடுத்த திங்கள், பழைய ஆர்மோனியத்தின் துருத்தியில் ஏற்படும் பழுதுகளைப் பற்றிப் பேசுவோம்.